மாஸ்டருக்குத் தெரியாமல் சேர்த்த ஆள்

கடைப் பலகையில் 'மாஸ்டர் டெய்லர்ஸ்' என்று எழுதியிருந்தது. ஆனால் அந்த மாஸ்டர் தன் வாழ்நாளில் ஒரு சட்டையைக்கூட வெட்டியதில்லை. அளவெடுப்பதும் கோடு போடுவதும் வெட்டுவதும் அவர் மனைவி. மெஷினில் உட்கார்ந்து தைப்பது மட்டும்தான் அவர். தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லர் அக்கா.

"கத்தரிக்கோல் எப்பவும் அக்கா கையிலயே இருக்கே, பயமா இல்லையா மாஸ்டர்?" என்று எதிர்க்கடை செருப்புக்காரர் கேட்பார்.

"இருபத்திரண்டு வருஷமா என்னை வெட்டிக்கிட்டுத்தான் இருக்கா. நான்தான் என்னை நானே தைச்சுத் தைச்சுப் போட்டுக்கறேன்" என்பார் மாஸ்டர். அக்கா தலையை நிமிர்த்தாமலே, "வாய் மட்டும் கிழிஞ்சே இருக்கு, அதை ஒருநாளும் தைச்சதில்ல" என்பாள். அப்படி ஒரு ஜோடி. பிள்ளைகள் இல்லை. முன்னால் எட்டடிக்குப் பத்தடியில் கடை, ஒரு திரை, திரைக்குப் பின்னால் வீடு என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு அறை. அந்தத் திரையைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்ததுதான் அவர்கள் வாழ்க்கை.

ஒருநாள் காலை பத்து மணிக்கு, ஒரு காலரைத் தைத்துக்கொண்டிருக்கும்போது மாஸ்டரின் வலது பக்கம் விழுந்துவிட்டது. அக்கா வெட்டு மேஜையில் குனிந்திருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "என்னங்க, துணி முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு, வெறும் ஊசியை ஓட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று திரும்பாமலே கேட்டாள். மெஷின் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். மரத்துப்போன கால் மோட்டார் மிதியை அழுத்தியபடியே கிடந்தது. தலை மெஷின்மேல் சாய்ந்திருந்தது.

உயிர் தப்பியது. கையும் காலும் வரவில்லை. பேச்சு பாதி வந்தது. அந்தப் பாதியும் அக்கா ஒருத்திக்குத்தான் புரிந்தது.

"நம்பிக்கையை விட்டுடாம பார்த்துக்கம்மா. அது போயிட்டா மருந்தால ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். அக்கா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். தினமும் விடிந்ததும் மாஸ்டர் கேட்பார்: "எண்ணெய்... விட்டியா?" தான் திரும்பி வரும்போது மெஷின் இறுகிப்போயிருக்கக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

"விட்டேங்க. உங்க நாற்காலியைக்கூடத் துடைச்சு வச்சிருக்கேன். அடுத்த மாசம் வந்து உட்காருங்க."

அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே ஏழு மாதம் போனது. அவளே வெட்டி அவளே தைத்தாள். ஒரு கையால் இரண்டு கை வேலை எத்தனை நாள் நடக்கும்? சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாமல் வாடிக்கை பாதியாகக் குறைந்தது. கடையைக் காலி செய்தால் திரைக்குப் பின்னால் இருக்கும் அறையும் போய்விடும். படுத்த படுக்கையாய் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டர் வந்தது. செவிலியர்களுக்கு இருபத்து நான்கு வெள்ளை மேலங்கி. மூன்று வாரத்தில் புதுக் கட்டடத் திறப்பு. "இது சரியா அமைஞ்சா வருஷா வருஷம் எங்க எல்லா ஆஸ்பத்திரிக்கும் நீங்கதான்" என்றாள் அங்கே மேனேஜராக இருந்த அம்மாள். கடை பிழைப்பதும் சாவதும் அந்த இருபத்து நான்கு மேலங்கியில் இருந்தது. ஆள் வைத்தால்தான் முடியும்.

ஆனால் எந்த நாற்காலியில் உட்கார வைப்பது? கடையில் இருந்தது ஒரு மெஷின், ஒரு நாற்காலி. அதில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தால் உள்ளே படுத்திருக்கும் மனிதர் எந்த நம்பிக்கையில் கண் விழிப்பார்? 'ஆள் தேவை' என்று ஒரு அட்டையில் எழுதினாள். யாராவது வந்து சத்தமாக விசாரித்துவிட்டால் என்ன செய்வது என்று உடனே கிழித்துப்போட்டாள். கடைசியில் நூல் கடைக்காரியிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தாள், ஏதோ தப்புச் செய்வதைப் போல.

மறுநாள் வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். ஏற்றுமதி கம்பெனியில் பதினைந்து வருஷம் தைத்தவள். கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் அவளும் பரீட்சைக்குப் படிக்கிற மகளும்தான். தெருவில் அவளுக்குக் கம்பெனிக்காரி என்றே பெயர்.

"வணக்கம் அக்கா, வேலைக்கு ஆள்..." என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்தாத குறையாக, அக்கா அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மெதுவா பேசும்மா. உள்ளே உடம்பு முடியாதவர் இருக்கார். சத்தம் ஆகாது."

"ஐயோ, சரிக்கா."

"வேலை நேரத்துல பேச்சே கூடாது. நான் திரையைத் தள்ளிக்கிட்டு உள்ளே போனா நீ மெஷினை நிறுத்திடணும். நான் வெளியே வந்ததும் ஓட்டணும்."

கம்பெனிக்காரி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "கம்பெனியில முந்நூறு மெஷின் சத்தத்துல கத்திக் கத்திப் பேசிப் பழகின தொண்டை அக்கா இது. பரவாயில்ல, உங்க மெஷின்லயே வாயையும் ஒரு தையல் போட்டுக்கறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு. அதையும் சத்தமில்லாமல் சிரித்தாள்.

இப்படித்தான் அந்தக் கடைக்கு முதல் ஆள் சேர்ந்தது. முதல் ஆள் சேரும் நாளை எந்த முதலாளியும் நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார். டெய்லர் அக்கா அதைத் திருடிய பொருளைப் போல மறைத்து வைத்தாள். காலையில் கம்பெனிக்காரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வருவாள். தும்மல் வந்தால் புடவைத் தலைப்பால் மூக்கை அழுத்திக்கொள்வாள். நூல் வேண்டுமென்றால் விரலைக் காட்டுவாள், ஊசி ஒடிந்தால் உதட்டைப் பிதுக்குவாள். அக்கா உள்ளே போனால் மெஷின் நிற்கும், வெளியே வந்தால் ஓடும். "தையல் வேலையா, ஊமைப் படமான்னே தெரியல அக்கா" என்று போகும்போது காதில் கிசுகிசுப்பாள்.

வேலை சீராக நடந்தது. அக்கா கோடு போட்டு வெட்டித் தள்ளத் தள்ள அவள் தைத்து அடுக்கினாள். தையல் ஒன்று கோணியதில்லை, ஒரு இடத்தில் நூல் பிசிறியதில்லை. தைத்ததை எடுத்து அளந்து பார்க்க வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் மாஸ்டர் தைத்த ஒன்றைக்கூட அவள் அளந்ததில்லை. கோடு அவள் போட்டது. தையல் அந்தக் கோட்டுக்கு வந்தது. இதில் அளக்க என்ன இருக்கிறது?

பதினோராவது நாள், முடிந்த எட்டு மேலங்கிகளை மேனேஜரம்மா போட்டுப் பார்க்க வாங்கிப் போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து மேஜைமேல் போட்டாள்.

"என்னக்கா இது? ஒரு நர்ஸ் போட்டுக்கிட்டா உள்ளே இன்னொரு நர்ஸ் நுழையலாம். எட்டும் தொளதொளன்னு இருக்கு. பேஷன்ட்டுக்குப் போடற அங்கி மாதிரி."

"நான்... அளவு சரியாத்தான்..."

"இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அஞ்சாவது நாள் வந்து பார்ப்பேன். அன்னிக்கும் சரியில்லைன்னா துணியைத் திருப்பிக் கொடுத்துடுங்க. வருத்தப்படாதீங்க, எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

அவள் போனதும் அக்கா அளவு நாடாவை எடுத்தாள். ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் அதிகம். எட்டும் அப்படியே.  மெஷின் பக்கம் திரும்பினாள்.

இருபது வருஷமாக அந்தத் தெருவில் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. ஆனால் அன்று அந்தக் கடைக்குள் நடந்ததைப் போல ஒரு சண்டையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு பெண்கள், முகத்துக்கு முகம் நின்று, மூச்சுக்காற்றில் சண்டை போட்டார்கள்.

"பதினஞ்சு வருஷம் கம்பெனியில தைச்சேன்னியே, என்னத்தைத் தைச்சே?" அக்கா கிசுகிசுத்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அக்கா, நீங்க போட்ட கோட்டு மேலதான்..."

"மெதுவா!"

"நீங்க போட்ட கோட்டு மேலதான் அக்கா தைச்சேன். ஒரு நூல்கூட விலகல. வேணும்னா பாருங்க."

"அப்ப கோடு தப்புங்கறியா? இருபத்திரண்டு வருஷமா போடற கோடு. ஒரு துணி திரும்பி வந்ததில்ல. நீ கை வச்சே, எட்டும் வந்துடுச்சு. என் வீட்டுக்காரர் உசுரு இதுல இருக்கு, தெரியுமா உனக்கு? போ. நாளைக்கு வராதே."

கம்பெனிக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். திரையைப் பார்த்தாள். சொல்லவில்லை. அந்த நிலைமையிலும் உள்ளே படுத்திருக்கும் நோயாளியின் தூக்கம் கெடக் கூடாது என்று நினைத்த மனசு அது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, விசும்பல் வெளியே கேட்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். வாசல் தாண்டி, தெருமுனை தாண்டி, யாருக்கும் கேட்காது என்று நிச்சயமான பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள் என்று செருப்புக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

அக்கா தனியாக நின்றாள். மெஷின் ஓடவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தா..." உள்ளேயிருந்து குரல் வந்தது.

திரையைத் தள்ளிக்கொண்டு போனாள். "என்னங்க? தண்ணி வேணுமா?"

மாஸ்டர் தலையணையில் சாய்ந்து அவளையே பார்த்தார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக் கேட்டார்: "அந்தப் பொண்ணு... எங்க?"

அக்கா அவசரமாகப் போர்வையைச் சரிசெய்தாள். "எந்தப் பொண்ணு? நான்தாங்க தைக்கறேன். கை வலிக்குதுன்னு கொஞ்சம்..."

"முந்தாநாள்... நீ இருமினே. மெஷின்... ஓடுச்சு." அவர் முகத்தின் உயிருள்ள பாதி லேசாகச் சிரித்தது. "இருமிக்கிட்டே... நேர்த்தையல் போட... உனக்கு வராது."

அக்கா அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். "எப்ப தெரியும்?"

"முதல் நாளே."

"ஏங்க கேக்கல?"

"நீ... சொல்லுவேன்னு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பத்து நாளாக அவர் எண்ணெய் விட்டாயா என்று கேட்கவில்லை. கேட்காததைக்கூட அவள் கவனிக்கவில்லை. வேலை நெருக்கடியில், கேட்காமல் விட்டாரே என்று ஒரு நிம்மதிதான் இருந்திருக்கிறது. அந்தப் பத்துக் காலையும் இந்த மனிதர் கண்ணைத் திறந்து, நாற்காலி போய்விட்டது என்று தனியாகத் தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் படுத்துக் கிடந்திருக்கிறார்! அவள் அவரிடமிருந்து மறைத்தாள். அவர் அவளுக்காக மறைத்தார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். எட்டு மேலங்கி, இரண்டு அங்குலம், துரத்திவிட்டது. மாஸ்டர் கேட்டார். பிறகு, "கொண்டா" என்றார்.

ஒரு மேலங்கியை உட்பக்கம் திருப்பி அவர் மடியில் விரித்தாள். அவர் இடது கையால் தையலைத் தடவிக்கொண்டே போனார். நீலச் சாக்கட்டியால் போட்ட கோடு இன்னும் அழியாமல் இருந்தது. தையல் அந்தக் கோட்டின் நட்டநடுவில், அதை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடியிருந்தது. மாஸ்டர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"அவ மேல... தப்பில்ல. கோடு... எனக்குப் போட்டது."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, அவர் விரலால் காட்டியபோது, மெல்ல மெல்ல விளங்கியது.

ஊசியின் இரண்டு பக்கமும் துணியை அழுத்திப் பிடிக்கும் சின்ன இரும்புப் பாதம் ஒன்று மெஷினில் உண்டு. தையற்காரர்கள் ஊசி கோட்டின்மேல் இறங்கும்படி தைப்பார்கள். மாஸ்டர் அப்படிப் பழகவில்லை. கல்யாணமான புதிதில் ஊசியைப் பார்த்துத் தைத்தால் அவருக்குக் கண் கூசியது. அதனால் பாதத்தின் ஓரத்தைக் கோட்டோடு உரசவிட்டு ஓட்டுவார். ஊசி கோட்டுக்குக் கால் அங்குலம் உள்ளே இறங்கும். முதலில் துணி இறுக்கமாக வந்தது.  அவரிடம் குறை சொல்ல மனம் வராமல், கோட்டைக் கால் அங்குலம் வெளியே தள்ளிப் போட ஆரம்பித்தாள். அளவு சரியானது. அவரும் அதைக் கண்டும் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு இருவருமே அதை மறந்துபோனார்கள். மெஷினில் உட்கார அவள் கற்றுக்கொண்டதும் அவரிடம்தான். ஆகவே அவளும் அப்படித்தான் தைத்தாள். உலகமே அப்படித்தான் தைக்கிறது என்று நினைத்தாள். ஒரு மேலங்கியில் நான்கு நீளத் தையல், ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் கால் அங்குலம். கணக்கு இரண்டு அங்குலத்துக்கு அச்சாக வந்து நின்றது.

வேறு ஒருவரும் தைக்க முடியாத கோட்டை அவள் இத்தனை காலமும் போட்டு வந்திருக்கிறாள். ஒரே ஒரு மனிதருக்காகப் போட்ட கோடு. அந்த மனிதரின் கை இதோ, படுக்கையில், செத்த கிளை மாதிரி கிடக்கிறது.

"கூட்டிட்டு வா" என்றார் மாஸ்டர்.

கம்பெனிக்காரியின் வீடு இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கதவைத் திறந்தவள் அக்காவைப் பார்த்ததும் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு என் மேலம்மா. கோடுதான் தப்பு" என்றாள் அக்கா. பழக்கதோஷத்தில் அதையும் கிசுகிசுப்பாகவே சொன்னாள்.

"இது என் வீடு. இங்க சத்தமா பேசலாமில்ல?" கம்பெனிக்காரியின் குரல் மாடிவரை கேட்டது. "பதினஞ்சு வருஷத்துல சூப்பர்வைசர் துணியை மூஞ்சியில எறிஞ்சிருக்கான். திட்டியிருக்கான். திருப்பித் திட்டியிருக்கேன். ஆனா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியாம, அழக்கூட முடியாம, வாயில துணியை அடைச்சுக்கிட்டு என்னை யாரும் அனுப்பினதில்ல! இவ பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கா, வேலை போச்சுன்னு இவகிட்ட இன்னும் சொல்லல நான். இப்பக் கேட்டிருப்பா. நல்லா இருக்கா உங்களுக்கு?"

அக்கா தலை குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாள். பிறகு, சத்தம் ஏன் ஆகாது என்ற உண்மையைச் சொன்னாள். நாற்காலியைச் சொன்னாள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிவந்ததைச் சொன்னாள்.

கம்பெனிக்காரியின் கோபம் பாதியில் நின்றது. "அப்ப அவருக்கு நான் ஒருத்தி இருக்கறதே தெரியாதா?"

"தெரிஞ்சுடுச்சு. அவர்தான் கூட்டிட்டு வரச் சொன்னார்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "வரேன். ஆனா ஒண்ணு அக்கா. இனிமே ஒளிஞ்சு வரமாட்டேன்."

அன்று மாலை முதல்முறையாகத் திரை முழுக்க ஒதுக்கப்பட்டது. கம்பெனிக்காரி கட்டில் முன்னால் கைகட்டி நின்றாள். மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"தையல் நல்லா இருக்காம். அவர் தையலைவிட நேரா இருக்காம்" என்றாள் அக்கா. பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "இவங்க சும்மா கொஞ்ச நாளைக்குத்தாங்க. நீங்க வந்து உட்கார்ற வரைக்கும்..."

மாஸ்டர் இடது கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "போதும்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலிருந்தது. "எனக்காக... பொய்... போதும்."

மறுநாளிலிருந்து புதுக் கோடு. முதல் நாள் அவள் கை பழைய இடத்துக்கே போய்ப் போய் வந்தது. போட்டுப் போட்டு அழித்தாள். ஒவ்வொரு முறை சாக்கட்டியை உள்ளே தள்ளும்போதும், தன் புருஷனைத் தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாற்காலியிலிருந்து இறக்குவது போல இருந்தது. இரவு பகல் பாராமல் எட்டையும் பிரித்துத் திரும்பத் தைத்தார்கள். மற்றவற்றில் பாதிக்கு மேல் முடிந்தது.

ஐந்தாவது நாள் மேனேஜரம்மா வந்தாள். கூட வந்த நர்ஸ் போட்டுப் பார்த்தாள். தோளும் இடுப்பும் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்தன.

"இதுதான் மாஸ்டர் கடைத் தையல்!" என்று சிரித்தாள் மேனேஜரம்மா. "எங்களுக்கு வருஷம் முழுக்க வேலை இருக்கும்க்கா. மாஸ்டர் எப்ப திரும்ப வராராம்? அடுத்த மாசம்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்களே?"

 கம்பெனிக்காரி மெஷினிலிருந்து காலை எடுத்தாள். திரை திறந்தே இருந்தது. கட்டிலிலிருந்து இரண்டு கண்கள் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏழு மாதமாக நாக்கு நுனியில் தயாராக இருந்த பதில் அன்றும் வந்து நின்றது. அக்கா அதை விழுங்கினாள்.

"இனிமே அவர் தைக்க வரமாட்டார்" என்றாள். "இவங்கதான் எங்க கடையில தைக்கிறவங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"ஆமா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். குழறாமல், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிராமல், அந்த ஒரு வார்த்தை முழுதாக வந்தது.

மேனேஜரம்மா போனபிறகு அக்கா வெட்டு மேஜைமேல் குனிந்தாள். வெட்டி வைத்த வெள்ளைத் துணியில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்து பரவியது. கம்பெனிக்காரி எழுந்து வந்து, அந்தத் துணியை அவள் கைக்கடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள்.

"கொடுங்கக்கா. நீங்க போய் அவர்கிட்ட உட்காருங்க. இதை இஸ்திரி போட்டாக் காஞ்சிடும்."

அக்கா உள்ளே போனாள். அன்று அவள் உள்ளே இருந்தபோதும் மெஷின் ஓடியது. கட்டிலில் ஒருவர், கட்டிலோரத்தில் ஒருத்தி. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.